ஒன்பதாவது சமையலறை: ஜூலியா சைல்டுக்காக அவர் கணவர் வடிவமைத்த அறை

1961இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், இர்விங் தெருவில் இருந்த ஒரு பழைய மூன்று மாடி வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து வட்டாரம். ஒரு காலத்தில் ஜோசையா ராய்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் வாழ்ந்த வீடு அது. கணவர் பால் சைல்டு வெளிநாடுகளில் அமெரிக்க அரசுப் பணியில் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மனைவி ஜூலியா சைல்டின் முதல் சமையல் புத்தகம் அந்த வருடம்தான் வெளிவந்தது. தொலைக்காட்சியில் அவர் சமைத்துக் காட்டிப் புகழ் பெற்றது இதற்கு இரண்டு வருடங்கள் கழித்து. ஆக, இந்தச் சமையலறை ஒரு பிரபலத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. சமைப்பதில் அலாதிப் பிரியம் கொண்ட 49 வயதுப் பெண்ணுக்காக, அவர் கணவர் யோசித்து யோசித்துச் செய்த வீட்டு வேலை.

அறையின் அளவு ஏறத்தாழ 20 அடிக்கு 14 அடி. நம் ஊர் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை அளவு இருக்கும். பெரிய அறைதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை எதுவும் பெரிய அறையைச் சார்ந்தவை இல்லை என்பதால்தான் இந்த ஆய்வு.

பாலும் ஜூலியாவும் சேர்ந்து அமைத்த ஒன்பதாவது சமையலறை இது. அதற்கு முன் பாரிஸ், மார்சே, ஜெர்மனி, வாஷிங்டன், ஆஸ்லோ என்று ஊர் ஊராக மாற்றலில் போன குடும்பம். பாரிஸில் இருந்த வாடகை வீட்டின் சமையலறை ஜூலியா குனிந்தே வேலை செய்ய வேண்டிய இடம். அவர் உயரம் 6 அடி 2 அங்குலம். 1949இல் கார்டன் புளூ பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சுச் சமையல் படித்துவிட்டு, படித்ததையெல்லாம் அந்த அடுப்படியில் குனிந்து நின்று பழகினார். சட்டிகளும் கரண்டிகளும் ஒவ்வொரு மாற்றலிலும் பெருகிக்கொண்டே வந்தன.

இன்னொரு பின்னணியும் உண்டு. இவர்கள் முதலில் சந்தித்தது இலங்கையில். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியில் இயங்கியது. அங்கிருந்த அமெரிக்க உளவு அமைப்பின் கிளையில் பால் வரைபடங்களும் போர்த் திட்ட அறைகளுக்கான காட்சிப் பலகைகளும் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தார். ஜூலியா, ரகசியக் கோப்புகள் வந்துசேரும் பதிவகத்தை நடத்தினார். எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டிய வேலை. இவரை வெறும் சமையல்காரம்மா என்றும், அவரைப் படம் வரைகிற கணவர் என்றும் நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சமையலறையின் பாதி புரியாது. பொருள்களை வரிசைப்படுத்துவதைத் தொழிலாகச் செய்த இருவர் கூடி அமைத்த அறை இது.

மேடையின் உயரம்

அமெரிக்காவில் சமையல் மேடைக்கு வழக்கமான உயரம் 36 அங்குலம். பால் அதை 38 அங்குலமாக உயர்த்தினார். மேடைக்கு மேப்பிள் மரப் பலகை போட்டார்கள். இரண்டே அங்குலம் என்று தோன்றலாம். ஆனால் மணிக்கணக்காக நின்று வெங்காயம் நறுக்குகிற, கோழி அறுக்கிற ஒருவரின் இடுப்புக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்ற நிலையில் ஒருவரின் முழங்கை உயரம், தோராயமாக அவர் உயரத்தில் 63 சதவீதம். நறுக்குகிற மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் வசதி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஜூலியாவின் 188 செ.மீ. உயரத்துக்கு முழங்கை 118 செ.மீ.யில் வரும். அப்படியானால் மேடை 103 முதல் 108 செ.மீ. வரை, அதாவது 41, 42 அங்குலம்கூடப் போயிருக்கலாம். பால் வைத்தது 96.5 செ.மீ. மட்டும். ஏன் அங்கேயே நிறுத்தினார்? என் ஊகம் இதுதான்: மாவு பிசைவதற்கும் உருட்டுவதற்கும் இடிப்பதற்கும் உடம்பின் பாரத்தை மேலிருந்து இறக்க வேண்டும், அதற்கு மேடை தாழ்வாக இருப்பதே நல்லது. தவிர, பால் மனைவியைவிடக் குள்ளம், பாத்திரம் கழுவுவதில் கைகொடுக்கிறவர். அவருக்கும் அந்த மேடை சரிப்பட வேண்டும். ஆகவே 38 என்பது ஒரு சமரசம், அதுவும் நல்ல சமரசம்.

இதே கணக்கை நம் பக்கம் திருப்பினால் ஒரு கூத்து வெளிப்படும். 5 அடி 1 அங்குலம் உயரமுள்ள அம்மாவுக்கு முழங்கை ஏறத்தாழ 98 செ.மீ.யில் வரும். நறுக்க வசதியான மேடை 83 முதல் 88 செ.மீ.; அங்குலத்தில் சுமார் 33 முதல் 34 வரை. சரி, நம் கொத்தனார்கள் கட்டித் தருவதும் கிட்டத்தட்ட அதுதான். சிக்கல் அடுப்பில் இருக்கிறது. ஜூலியாவின் அடுப்பு தரையில் நிற்பது; அதன் பர்னர்கள் மேடை மட்டத்தை ஒட்டியே இருக்கும். நாம் கேஸ் ஸ்டவ்வை மேடையின் மேல் தூக்கி வைக்கிறோம். ஸ்டவ்வின் உயரம் நான்கு அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், 34 அங்குல மேடையில் பர்னர் 38 அங்குலத்துக்குப் போய்விடும். அதாவது ஆறடிக்கு மேல் வளர்ந்த ஜூலியாவின் மேடை மட்டத்தில், ஐந்தடி அம்மா தன் அடுப்பை எரிக்கிறார்! அதன்மேல் எட்டு அங்குலக் குழம்புச் சட்டி ஒன்றை ஏற்றினால் விளிம்பு 46 அங்குலத்தில் நிற்கும். அவருடைய முழங்கையோ 38, 39 அங்குலத்தில். கரண்டி போட்டுக் கிண்டும்போதெல்லாம் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். பொங்கலன்று பெரிய பாத்திரத்தில் கிளறியபின் தோள் வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். மேடையைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

இதற்கு வழி சிக்கலானதில்லை. ஸ்டவ் வைக்கும் பகுதியை மட்டும் நான்கைந்து அங்குலம் தாழ்த்திக் கட்டலாம். கிரானைட் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் கூடுதல் செலவும் அதிகம் ஆகாது. மேடைக்குள் பதிக்கும் ஹாப் வகை அடுப்பு இன்னொரு வழி. ஆனால் வழிந்த பாலையும் சாம்பாரையும் தினமும் துடைக்கிற வீடா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அடுப்பு முதலில், அறை பிறகு

இந்த அறையின் நடுநாயகம் ஒரு கார்லண்ட் கேஸ் அடுப்பு. ஆறு பர்னர், கீழே ஓவன், கறுப்பு நிறம். உணவகங்களுக்காகச் செய்யப்பட்டது. 1956இல் வாஷிங்டனில் வசித்தபோது பழையதாக 429 டாலருக்கு வாங்கியது. கேம்பிரிட்ஜ் வீட்டுக்கு வரும்போது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது அது. அதற்கு ஏற்றபடிதான் அறை அமைந்தது. அதற்குப் பின் நாற்பது வருடம் ஜூலியா அதிலேயே சமைத்தார். புகழும் பணமும் வந்த பிறகும் மாற்றவில்லை.

புதுப்பிக்கும் வேலையை இந்த வரிசையில் செய்பவர்கள் குறைவு. முதலில் கதவுகளின் நிறம், பிறகு லேமினேட், பிறகு கைப்பிடி என்று போய், கடைசியில் மிச்சமிருக்கும் இடைவெளிக்குள் அடுப்பும் கிரைண்டரும் திணிக்கப்படும். அப்புறம் கிரைண்டர் லாஃப்டுக்கு ஏறும். டில்டிங் கிரைண்டரை யாராவது தினமும் லாஃப்டிலிருந்து இறக்குவார்களா? அடுத்த மாதமே பாக்கெட் மாவு வாங்கத் தொடங்கிவிடுவார்கள். தினமும் புழங்குகிற கனமான சாமான் எது என்று கண்டுபிடித்து, அதற்கு இடமும் பிளக்கும் ஒதுக்கிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

ஆனால் அந்த அடுப்பையே பின்பற்றச் சொல்ல மாட்டேன். உணவக அடுப்புகளுக்கு வீட்டு அடுப்புகளைப் போல வெப்பக் காப்பு இருக்காது. பக்கச் சுவரும் மர அலமாரியும் சூடாகும், புகை வெளியேற்றம் பலமாக வேண்டும். அமெரிக்காவிலேயே இன்று பல இடங்களில் வீடுகளுக்குள் இவற்றை வைக்கக் கட்டட விதிகள் அனுமதிப்பதில்லை.

துளைப் பலகை

இந்தச் சமையலறையை உலகுக்கு அடையாளம் காட்டுவது அடுப்பைவிடச் சுவர்தான். பால் சுவரில் பெக்போர்டு பொருத்தினார். வரிசையாகத் துளைகள் போட்ட ஹார்டுபோர்டு அது. பட்டறைகளில் ஸ்பேனர், சுத்தியல் தொங்கவிடுவார்களே, அதே பலகை. நீலம் கலந்த பச்சை வண்ணம் அடித்தார். கொக்கிகளில் வாணலிகள், சாஸ் சட்டிகள், அளவைக் குவளைகள், கருவிகள் எல்லாவற்றையும் தொங்கவிட்டார். பிறகு ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்தார். சட்டியை எடுத்துவிட்டால் சுவரில் அதன் உருவம் மட்டும் நிற்கும். எது எங்கே போக வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கண்டியில் வரைபடம் வரைந்த கையும் கோப்பு அடுக்கிய தலையும் இங்கே ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்பது என் எண்ணம். இதில் அழகுக்காகச் செய்தது கொஞ்சம்தான். அந்தச் செம்புப் பாத்திரங்கள் நீலப்பச்சைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கோட்டின் வேலை வேறு. ஜூலியாவின் சமையலறையில் அவர் மட்டும் புழங்கவில்லை. உதவியாளர்கள், நண்பர்கள், விருந்துக்கு வந்துவிட்டு உள்ளே நுழைந்து பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று பலர். சமையலறையில் ஒழுங்கு கெடுவது பெரும்பாலும் எடுக்கும்போது கிடையாது, திரும்ப வைக்கும்போதுதான். எடுப்பவருக்குத் தேவை இருக்கிறது, தேடுவார். வைப்பவருக்கு அவசரம், கையில் கிடைத்த இடத்தில் வைப்பார். அந்தக் கோடு வைப்பவருக்காக வரைந்தது.

கத்திகளுக்குக் காந்தப் பட்டை. மரக்கரண்டிகளும் துடுப்புகளும் அடுப்புக்குப் பக்கத்தில் ஜாடிகளில் நின்றன. அவர் புதுக் கருவி எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுகிறவர் என்பதால் இழுப்பறைகளும் நிரம்பித்தான் இருந்தன. அதனால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. தினமும் தொடுவது கண்ணெதிரே, எப்போதாவது தொடுவது உள்ளே, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இந்தப் புத்தி புதிதில்லை. சுவரில் அறைந்த எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்டு நினைவிருக்கும்: மேலே தட்டுகள் செங்குத்தாக, நடுவில் டம்ளர்கள், கீழே கரண்டிகள் கொக்கியில். ஈரத்தோடு வைத்தாலும் வடிந்து காய்ந்துவிடும். மாடுலர் கிச்சன் வந்தவுடன் முதலில் கழற்றி எறிந்தது அதைத்தான், பார்க்க நன்றாக இல்லை என்று. அதற்குப் பதிலாக மூடிய அலமாரிக்குள் ஈரத் தட்டை வைத்து, பிளைவுட் உப்பி, கரப்பான் குடியேறி, வருடத்துக்கொரு முறை மருந்து அடிக்கிறோம்.

ஆனால் பெக்போர்டை அப்படியே நம் வீட்டில் மாட்டினால் தோற்கும். ஹார்டுபோர்டு ஈரம் குடிக்கும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் தாங்காது. தாளிப்புப் புகையில் மிதக்கும் எண்ணெய், தொங்குகிற ஒவ்வொரு சட்டியின் மேலும் படியும். அதன்மேல் தூசி ஒட்டும். ஆசையிருந்தால் துளையிட்ட எவர்சில்வர் தகடு, அல்லது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும் எவர்சில்வர் கம்பி போடுங்கள். அடுப்புக்கு மேலேயும் அதன் இரு பக்கம் இரண்டடிக்குள்ளும் எதுவும் தொங்க வேண்டாம். தினமும் எடுத்துக் கழுவுகிற சாமான் மட்டும் தொங்கட்டும். பண்டிகைக்கு மட்டும் இறங்கும் உருளி, பிசுக்கோடுதான் இறங்கும்.

நடுவில் ஒரு மேசை

வடிவமைப்புப் பாடங்களில் வரும் ஒரு விதி உண்டு: அடுப்பு, சிங்க், குளிர்பதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்த நீளம் 26 அடியைத் தாண்டக் கூடாது, அதற்குள் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவான விதி. பால் அறையின் நட்டநடுவில் ஒரு பெரிய மேசையைப் போட்டார். நார்வேயிலிருந்து கொண்டுவந்தது. இருவரும் அதில்தான் சாப்பிட்டார்கள், நண்பர்கள் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். நடை கொஞ்சம் கூடியிருக்கும். யாரும் அதைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு சமையலறையை இங்கே வைத்துப் பார்க்கலாம். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புத் திட்டத்துக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த 'பிராங்பர்ட் சமையலறை'. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒவ்வொரு அடியும் கணக்கிட்டது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி என்றே சொல்லலாம். அதை வடிவமைத்தவர், அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை, குடும்பம் நடத்தியதும் இல்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் இடமாகவே அது அமைந்தது. இன்னொருவர் உள்ளே வந்தால் இடிக்கும்.

இதை வைத்து, சமைக்கத் தெரிந்தவர்தான் சமையலறை வடிவமைக்க வேண்டும் என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது சரியில்லை. இர்விங் தெரு அறையைத் திட்டமிட்ட பால் சைல்டும் சமையல்காரர் இல்லை. சாப்பிடுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், படம் எடுக்கிறவர். ஆனால் 1946இல் கல்யாணமானதிலிருந்து பதினைந்து வருடம் ஒரே ஒருத்தி சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். எதற்குக் கை நீட்டுகிறாள், எங்கே குனிகிறாள், எந்தச் சட்டி தினமும் இறங்குகிறது என்று அவருக்குத் தெரியும். ஷூட்டே-லிஹோட்ஸ்கிக்குப் பத்தாயிரம் பேருக்கு ஒரே அறையைத் தர வேண்டிய நிர்ப்பந்தம். அவரைக் குறை சொல்ல வழியில்லை. நமக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஆனாலும் நம் வீட்டில் சமைப்பவர் ஒருநாள் காலை இட்லி ஊற்றுவதிலிருந்து இரவு பால் காய்ச்சுவது வரை எப்படிப் புழங்குகிறார் என்று பார்க்காமலேயே, கடையில் உள்ள வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டிவிடுகிறோம்.

கேமரா உள்ளே வந்தபோது

1963இல் தொடங்கிய ஜூலியாவின் முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தச் சமையலறையில் எடுக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளூர் மின்சார நிறுவனத்தின் செயல்விளக்கச் சமையலறையில்தான் ஆரம்பத்தில் படம்பிடித்தார்கள். கேமராக்கள் வீட்டுக்குள் வந்தது முப்பது வருடம் கழித்து, 1990களில். மூன்று தொடர்கள் இங்கே எடுக்கப்பட்டன. அப்போது நடுமேசை வெளியேறியது. அந்த இடத்தில் அடுப்போடு கூடிய ஒரு சமையல் திண்ணை வந்தது. கூரையில் விளக்குகள் ஏறின. படப்பிடிப்பு ஓய்ந்ததும் மேசை திரும்பியது. சுவரிலும் மேடையிலும் கை வைக்கவில்லை. நடுவில் நகர்த்தக்கூடிய சாமானை வைத்ததன் லாபம் இது. கட்டிய திண்ணையாக இருந்திருந்தால் உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

பால் 1994இல் காலமானார். 2001இல் ஜூலியா கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, சமையலறையை அப்படியே ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்தக் கரண்டி எந்த ஜாடியில் இருந்தது என்பது வரை பதிவு செய்து எடுத்துப்போனார்கள். 2002 ஆகஸ்டில் வாஷிங்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. செம்புப் பாத்திரங்கள் தொங்கிய பலகை மட்டும் முதலில் கலிஃபோர்னியாவின் நாபாவில் இருந்த ஓர் உணவு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. அது மூடப்பட்டதும் 2009இல் மற்றவற்றோடு வந்து சேர்ந்தது.

நாற்பது வருடத்தில் இந்த அறைக்குப் பெரிய புதுப்பிப்பு எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடையில் அமெரிக்கச் சமையலறைகள் எத்தனையோ வேடம் மாறின. ஜூலியா மிக்சிகளையும் உணவுப் பதனக் கருவிகளையும் மாற்றிக்கொண்டே இருந்தார். அவற்றைத் தாங்கிய மேடையும் பலகையும் அப்படியே இருந்தன.

பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. மேப்பிள் பலகை மேடை நமக்கு ஒத்துவராது. நாம் மேடையில் தண்ணீரை ஊற்றித் தள்ளிக் கழுவுகிற ஜனங்கள். மரம் சீக்கிரமே கறுத்துப் பிளக்கும். கிரானைட்டையே போடுங்கள், முன் விளிம்பில் தண்ணீர் கீழே வழியாதபடி ஒரு சின்ன மேடு விடச் சொல்லுங்கள். உயரத்தை மட்டும் கொத்தனாரிடம் விடாதீர்கள். வேலை தொடங்குமுன் சமைக்கிறவரை வீட்டுச் செருப்போடு நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் அந்தக் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான்.